வண்டி வாங்காத டொமினிக்

கேஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் பணம் மிச்சமாகுமா என்று ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வருவதில் தவறில்லை. அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கலாம். பஞ்சர் ஒட்டுகிறவரிடம் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டலாம், அது இன்னும் உத்தமம். அரசாங்கத்திடம் மட்டும் போய்க் கேட்கக் கூடாது. பெங்களூர் ஆஸ்டின் டவுன் டொமினிக் போய்க் கேட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, டொமினிக் விஷயத்தில் பூதம் நிஜமாகவே புறப்பட்டது. அதுவும் அவருடைய முகத்தோடேயே புறப்பட்டது.

டொமினிக் பீன்யாவில் லிஃப்ட் பொத்தான் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். பொத்தானை அழுத்த வேண்டும், விளக்கு எரிந்தால் டப்பாவில் போட வேண்டும். இத்தனை வருடம் மேலே போகும் பொத்தானை அழுத்தியும் அவர் மட்டும் அதே மாடியில்தான் இருந்தார். அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. அவருடைய வருத்தமெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றியது.

மகள் ஜூலியா கல்யாணமாகி ஆஸ்திரேலியா போன பிறகு வீட்டில் அவரும் மனைவி டோரீனும்தான். டோரீன் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பகலெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளோடு மாரடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பேச ஆள் கிடையாது. ஆஸ்டின் டவுன் ஊரின் இந்தக் கோடி, பீன்யா அந்தக் கோடி. அந்தப் பெட்ரோல் செலவை ஈடுகட்ட டொமினிக் ஓவர்டைம் பார்ப்பார். அவர் திரும்பும்போது சாப்பாடு மூடி வைத்திருக்கும், டோரீன் தூங்கியிருப்பாள். ஒரே வீட்டில் குடியிருந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில்தான்.

இந்த நிலைமையில் கேஸ் வண்டி விளம்பரம் கண்ணில் பட்டது. செலவு பாதியாகும் என்று போட்டிருந்தது. செலவு பாதியானால் ஓவர்டைம் வேண்டாம். ஓவர்டைம் இல்லாவிட்டால் எட்டு மணிக்கு வீட்டில் இருக்கலாம். இதை அவர் டோரீனை உட்கார வைத்து விளக்கினார்.

"எட்டு மணிக்கு என்கூட உக்காந்து சாப்பிடுவீங்கன்னா வாங்குங்க," என்றாள் டோரீன். "இல்லன்னா எனக்கு எந்த வண்டியும் வேணாம்."

பழைய சில்வர் கலர் பெட்ரோல் வண்டியை சிவாஜி நகர் புரோக்கர் ஒருவரிடம் தள்ளிவிட்டு, டொமினிக் கேஸ் வண்டியை எடுத்தார். அரசாங்கம் மானியம் வேறு கொடுத்தது. ஓவர்டைமுக்கு அன்றே ஒரு கும்பிடு போட்டார்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. கேஸ் இருந்தால் ஓடியது. கேஸ்தான் இருக்கவில்லை. அவர் போகும் வழியில் ஒரே ஒரு கேஸ் பங்க், அங்கே ஆட்டோ வரிசை தெருமுனை தாண்டி வளைந்து நிற்கும். சாயங்காலமானால் குழாயில் பிரஷர் இறங்கிவிடும். கேஸ் போடுகிறவர் "பிரஷர் இல்லா, காயிரி" என்று எல்லோரையும் காத்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். பொறுமையிழந்து கிளம்பினால் வண்டியிலுள்ள குட்டி டேங்க்குக்குப் பெட்ரோல் போட வேண்டும். பெட்ரோல் போட்டால் எதற்கு இந்த வண்டி?

"இன்னா சார் அவசரம்?" என்பார் முன்னால் நிற்கும் ஸ்ரீராம்புரம் ஆட்டோக்காரர் வெங்கடசாமி. "கேஸ் க்யூன்னு வந்துட்டா வூட்ட மறந்துடணும். என் பொண்ணுக்குப் பேர் வெச்சதே இந்த க்யூல நின்னு போன்லதான்."

ஓவர்டைமுக்குக் கொடுத்த நேரத்தை டொமினிக் இப்போது பங்க்குக்குக் கொடுத்தார். கம்பெனியாவது அதற்குச் சம்பளம் தந்தது. வீட்டில் சாப்பாடு முன்போலவே மூடி வைத்திருந்தது, டோரீன் முன்போலவே தூங்கிப்போயிருந்தாள். இதில் மிச்சம் எங்கே என்று அவருக்குப் புரியவில்லை. அதனால்தான் கேட்கப் போனார்.

மானியம் கொடுத்த அலுவலகம் கப்பன் பார்க் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. அதன் முழுப் பெயர் இயற்கை எரிவாயு இருசக்கரப் பயணச் சேமிப்பு மெய்ப்பிப்பு வாரியம். பெயர்ப் பலகை வாசலை விட நீளம். கடைசி வார்த்தைக்குச் சுவரில் இடம் போதாமல், வாரியம் என்பதை மட்டும் அடுத்திருந்த கழிவறைக் கதவின் மேல் அடித்திருந்தார்கள். கீழே லிஃப்ட் பொத்தானை அழுத்தினார் டொமினிக். அவர் கம்பெனிப் பொத்தான்தான், விளக்கு பளிச்சென்று எரிந்தது. லிஃப்ட் வரவில்லை. காவலாளியிடம் கேட்டதற்கு, லிஃப்ட் வேறு கான்ட்ராக்ட் என்றார்.

வாரியத்தின் இணை இயக்குநர் பத்ரிநாத். மூன்று தலைமுறையாக சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம், பேச்சில் தமிழும் கன்னடமும் கைகோத்துக்கொண்டு வரும். வாரியத்தில் ஒருவரும் கேஸ் வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டினால் பாரபட்சம் வந்துவிடும் என்று டீசல் கார்களில் வந்தார்கள்.

"சார், சின்ன சந்தேகம். எனக்கு மிச்சமாகுதா இல்லையான்னு தெரியணும்."

"நோடி, பாருங்கோ டொமினிக் அவரே," என்று பத்ரிநாத் கண்ணாடியைக் கழற்றினார். "மிச்சம்னா என்ன? வித்தியாசம். வித்தியாசம் பாக்கணும்னா ரெண்டு பேர் வேணும். நீங்க ஒருத்தர்தானே வந்திருக்கேள்?"

"இன்னொருத்தர் யாரு சார்?"

"நீங்கதான். வண்டி வாங்காத நீங்க."

டொமினிக் தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. இருந்தாலும் பத்ரிநாத் அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

உதவியாளர் சௌம்யா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேள்விகளைத் தொடங்கினாள். நல்ல பெண். வேலையில் குறை வைக்காதவள். அரசாங்க அலுவலகங்களில் இப்படிப்பட்டவர்களால்தான் ஆபத்து.

"அவர் காலைல எப்ப கிளம்புவார் சார்?"

"யாரும்மா?"

"வண்டி வாங்காதவர்."

"நான் கிளம்பறப்பதான் கிளம்புவார்."

"சாயங்காலம் கேஸ் க்யூல நிப்பாரா?"

"அவர்கிட்டதான் பெட்ரோல் வண்டி இருக்கே. அவர் எதுக்கு நிக்கணும்? ஆனா ஓவர்டைம் பார்ப்பாரு. நான் அப்படித்தான் பார்த்தேன்."

சௌம்யா பத்ரிநாத்தைப் பார்த்தாள். பத்ரிநாத் தலையை ஆட்டினார். "ஓவர்டைம் தொழிலாளர் துறை சம்பந்தப்பட்டது. நம்ம வரம்புல வராது. எடுத்துடும்மா."

"அப்ப ஏழரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவார்," என்றாள் சௌம்யா. "வந்து என்ன பண்ணுவார் சார்?"

"பொண்டாட்டியோட உக்காந்து சாப்பிடுவார்," என்றார் டொமினிக். சௌம்யா அதையும் கம்ப்யூட்டரில் டைப் அடித்தாள். பொத்தான் தட்டும் அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது. தன் வீட்டுச் சாவியை யாரிடமோ எடுத்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வாரமே கொரகுண்டேபாளையா சிக்னலில் ஒருவனைப் பார்த்தார். நாலு வண்டி முன்னால், மழைத் தூறலில், பழைய சில்வர் வண்டி. அதன் செயின் கவர் அதே கடகடச் சத்தம் போட்டது. நீல ரெயின்கோட்டில் தோள்பட்டைக் கிழிசல், அதன்மேல் டோரீன் ஒட்டிய பிளாஸ்திரி. புரோக்கர் யாருக்காவது விற்றிருப்பான் என்று சொல்லிக்கொண்டார். வண்டியை விற்றிருக்கலாம். ரெயின்கோட்டைத்தான் விற்கவில்லையே, அதைத் தானே மாட்டிக்கொண்டிருக்கிறோமே என்று குனிந்து பார்த்தபோது சிக்னல் விழுந்துவிட்டது. அவன் நேரே போனான். டொமினிக் இடதுபுறம் கேஸ் வரிசைக்குத் திரும்பினார்.

அன்று வீட்டில் சாப்பாடு மூடி வைத்திருக்கவில்லை. தொட்டியில் கழுவிய தட்டு இரண்டு கிடந்தது. டோரீன் விழித்தேதான் இருந்தாள், முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

"எங்கே என் சாப்பாடு?"

"அப்பவே சாப்ட்டீங்களே," என்றாள். "மறுசோறு கூட கேட்டீங்க." சொல்லிவிட்டு அவரையும், அவர் தோளிலிருந்து சொட்டிய தண்ணீரையும் பார்த்து, அப்படியே பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு எழுந்து இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தாள்.

இரண்டாம் முறை வாரியத்துக்குப் போனபோது, பத்ரிநாத் வண்டி வாங்காதவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு ஒழுங்கான மனுஷர் தெரியுமோ! ஒரு நாள் லேட் கிடையாது. ஒரு புகார் கிடையாது. இந்த ஆபீஸ் படியேறி ஒரு நாளாவது எங்களைத் தொந்தரவு பண்ணியிருக்காரா? இந்த மாதிரி பிரஜைகள் இருந்தா இந்த ராஜ்யம் எங்கயோ போயிடும். நீங்களும் இருக்கேள்."

"சார், அவர் என் வீட்டுக்கு வர்றார்."

"அவர் வீடு. வராம?"

"எனக்கு மிச்சமாகுதான்னு கேட்டேனே சார்?"

"பேஷா ஆறது! அவர் பெட்ரோலுக்குச் செலவு பண்றார். நீங்க பண்ணலை. அவர் செலவழிக்கறதெல்லாம் உங்க சேமிப்புதான்."

"என் கையில ஒண்ணும் காணோமே?"

பத்ரிநாத் குழந்தைக்குச் சொல்வது போல இறங்கிவந்தார். "கைக்கு வந்தா அது வருமானம், டொமினிக் அவரே. சேமிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஜனங்களுக்கு அது தெரியலைன்னுதான் இந்த வாரியமே இருக்கு. தெரிஞ்சுட்டா எங்களுக்கு ஏது வேலை?"

வெளியே வந்தபோது சௌம்யா படிக்கட்டு வரை கூடவே வந்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க," என்று குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் அவர் விவரத்துல நான் ஒரு இடத்துல வெறுமனே விட்டிருந்தேன், ரத்த வகை. காலைல வந்து பார்த்தா அது நிரம்பியிருந்தது." டொமினிக் எந்த வகை என்று கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

நவம்பர் பிறந்தது. கல்லறைத் திருநாள் மாதம். கத்தோலிக்கக் குடும்பங்களில் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கிற மாதம். அலைகிற ஆன்மாவுக்கு ஒரு பூசை வைத்தால் அது இளைப்பாறிவிடும் என்பது டொமினிக் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது. வாரியம் கிளப்பிவிட்டதை வாரியம் அடக்காது என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. சர்ச் ஆபீஸுக்குப் போய் காணிக்கையைக் கட்டினார்.

"இறந்தவர் பேர்?" என்றாள் அங்கிருந்த அம்மாள்.

"டொமினிக். ஆஸ்டின் டவுன்."

"உங்களுக்கு என்ன உறவு?"

"ரொம்ப நெருங்கின உறவு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஃபாதர் ஒலிபெருக்கியில் வாசித்தார்: "ஆஸ்டின் டவுனைச் சேர்ந்த டொமினிக் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." சர்ச்சில் பாதிப் பேர் உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையில் ஒரு கிழவி அழவே ஆரம்பித்துவிட்டாள். டொமினிக் எழுந்து நின்றால் கலாட்டாவாகுமே என்று முழங்காலிலேயே இருந்தார். டோரீன் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தாள். கை ஜில்லென்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவரைக் கொன்றது.

"அவரை எதுக்குங்க அனுப்பப் பாக்கறீங்க?" என்றாள். "அவர் ஒருத்தர்தான் டைமுக்கு வர்றார்."

"டோரீன், அது நான் இல்ல."

"எனக்குத் தெரியும். மொத நாளே தெரிஞ்சுது. உங்க செருப்பு வாசல்ல தாறுமாறா கிடக்கும், அவர் ஒழுங்கா விடறார்." அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "நான் என்ன பண்றது சொல்லுங்க? வந்து உக்கார்றார். இன்னிக்கி ஸ்கூல்ல என்னான்னு கேக்கறார். நீங்க அதைக் கேட்டு எவ்வளவு வருஷம் ஆச்சு?"

கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். அதைக் கேட்கத்தானே அவர் வண்டியே வாங்கினார்.

மறுநாள் வாரியத்துக்கு ஓடினார். எப்படியாவது அவன் விவரத்தை அழித்துவிடுங்கள் என்று கும்பிட்டார். பூசை வைத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். பத்ரிநாத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சர்ச்சில பகிரங்கமா அறிவிச்சாச்சா? டொமினிக் காலமானார்னு?"

"அது அவரைச் சொன்னது சார்."

"அவர் எப்படிக் காலமாவார்? பிறக்காத மனுஷன் சாக விதியில இடமில்லை. இருக்கறது ரெண்டு டொமினிக். ஒருத்தருக்கு சாவு கிடையாது. மிச்சம் யாரு?" அவர் பேனாவால் மேஜையைத் தட்டினார். சட்டென்று முகம் மலர்ந்தது. "சௌம்யா! இதைப் பாரும்மா. காலமானவர் கேஸுக்கும் செலவு பண்ணமாட்டார், பெட்ரோலுக்கும் செலவு பண்ணமாட்டார். அப்படின்னா வித்தியாசம்?"

"நூறு பர்சன்ட் சார்," என்றாள் சௌம்யா. அவள் டொமினிக்கைப் பார்க்கவில்லை.

வாரியம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு சேமிப்பு பதிவானதில்லை. மாநிலத்திலேயே முதல் முழுச் சேமிப்பாளர் என்று தீர்மானித்து, உடனே விழாவுக்கு ஏற்பாடு செய்தார்கள். டோரீனுக்கு அழைப்பிதழ் போயிற்று. மறைந்தவரின் வண்டியை மேடைக்கருகே நிறுத்த வேண்டும், கேஸ் நிரம்பியிருக்க வேண்டும், பெட்ரோலில் ஓட்டி வந்தால் வாரியத்துக்கு அவமானம்.

"யார் சார் கொண்டு வர்றது?" என்றார் டொமினிக்.

"நீங்களே கொண்டுவந்துடுங்கோ. வேற யாருக்கு வண்டி பழக்கம்? ஆனா உள்ள வராதீங்கோ. ஜனங்க குழம்பிடுவா."

விழாவன்று டோரீன் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, போகாதே என்று சொல்லிப் பார்த்தார். "உங்களை எட்டு மணிக்கு முன்னாடி வெளிச்சத்துல பாக்கலாம்னா அங்க போனாத்தானே முடியும்?" என்றாள். எந்த உங்களை என்று கேட்க அவருக்குத் தைரியமில்லை.

மத்தியானமே பங்க்குக்குப் போயும் வரிசை நகரவில்லை. வெங்கடசாமி அவரைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். அவர் முனீஸ்வரன் கும்பிடுகிறவர், இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்குப் போட்டுக்கொண்டார். "நீங்க பூட்டீங்கன்னாங்களே சார்?"

"பூட்டேன்னா க்யூல எதுக்கு நிக்கறேன்?"

"அது சரி. இங்க நிக்கிறவன் எவனும் முழு உயிரோட இல்ல சார்," என்றார் வெங்கடசாமி. டொமினிக் இரங்கத்தக்க நிலையில் இருந்ததால் தன் ஆட்டோவுக்கு முன்னால் இடம் விட்டார். அப்படியும் பிரஷர் ஏறும்போது வெளிச்சம் போய்விட்டது.

அவர் மண்டபத்தை அடைந்தபோது ஒலிபெருக்கியில் பத்ரிநாத் முடிவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். "உயிரோடிருக்கும் பயணிகளிடம் எங்களுக்கு எப்போதும் ஒரு சிரமம் உண்டு. அவர்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், வரிசை நீளம் என்கிறார்கள். மறைந்த டொமினிக் அந்த எல்லையைக் கடந்துவிட்டார். ஒவ்வொரு பயணியும் அவரைப் பின்பற்றினால், நம் மாநிலத்தில் எரிபொருள் பிரச்சினையே இருக்காது!" கைதட்டல் கட்டடத்தை ஆட்டியது.

கதவிடுக்கு வழியே டொமினிக் எட்டிப் பார்த்தார். மேடையில் அவருடைய போட்டோ, மாலை, விட்டு விட்டு எரியும் சீரியல் லைட். முன்வரிசையில் டோரீன். அவள் பக்கத்து நாற்காலியில் ஒரு நீல ரெயின்கோட். அவள் அந்தப் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை. உள்ளே போக அடியெடுத்தார். காவலாளி அவர் நெஞ்சில் கைவைத்து, காலமானவர் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள் என்றான். அதற்குள் முன்வரிசையில் இரண்டு நாற்காலியும் காலியாகி, மறுபக்கத்து வாசலில் கடகடவென்று செயின் கவர் சத்தம் கேட்டுத் தேய்ந்து மறைந்தது.

நிரம்பிய டேங்க்கோடு அவர் ஆஸ்டின் டவுனுக்கு விரட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக வண்டி அற்புதமாக ஓடியது.

வாசலில் சில்வர் வண்டி நின்றது. பக்கத்தில் செருப்புகள் ஒழுங்காக இருந்தன. ஜன்னலில் வெளிச்சம். மீன் குழம்பு வாசனை தெருவரை வந்தது. சாவியைப் போட்டுப் பார்த்தார். பூட்டுக்கு அவரைத் தெரியவில்லை. கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது, உள்ளே அவருடைய குரல் கேட்டது. பீன்யா தூசியில் கட்டிப்போன அதே குரல்.

"ஒண்ணு சொல்லணும் டோரீன். இந்தப் பெட்ரோல் செலவு தாங்கல. கேஸ் வண்டின்னு ஒண்ணு வந்திருக்காம். செலவு பாதியாகுமாம்."

டொமினிக் கதவை இரண்டு கையாலும் அடித்தார். வாங்காதே, வாங்காதே என்று கத்தினார். கதவு கொஞ்சமும் அதிரவில்லை. உள்ளே கரண்டி பாத்திரத்தில் படும் சத்தமும், டோரீன் பரிமாறும் வளைச் சத்தமும்தான் கேட்டன.

"எட்டு மணிக்கு என்கூட உக்காந்து சாப்பிடுவீங்கன்னா வாங்குங்க," என்றாள் டோரீன்.